ஒப்புதலின்றி மாற்றப்பட்ட பியானோ பாலிஷ்: புகார் கடிதம்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
பியானோ சீரமைப்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: ஈட்டி மர கிராண்ட் பியானோவுக்கு ஒப்புக்கொண்ட அரக்கு பாலிஷுக்குப் பதிலாக பி.யு. (பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பிசின்) பூச்சு அடித்தது – சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். 1890களில் பெர்லினில் செய்யப்பட்ட என் பெக்ஸ்டீன் கிராண்ட் பியானோவைச் சீரமைப்பதற்காகத் தங்களிடம் ஒப்படைத்துள்ளேன். கம்பிகளிலும் சுத்தியல்களிலும் தங்கள் தொழிலாளர்கள் செய்துள்ள வேலையில் எனக்குக் குறை எதுவும் இல்லை, நன்றாகவே செய்திருக்கிறார்கள். என் புகார் மரத்தின் மேல் ஏற்றிய பூச்சைப் பற்றியது.

தாங்கள் கையொப்பமிட்டுத் தந்த மதிப்பீட்டில், பெட்டி, மூடி, கால்கள் அனைத்துக்கும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சு பொதிந்த துணியால் தேய்த்து ஏற்றும் பிரெஞ்ச் பாலிஷ் என்றே எழுதப்பட்டுள்ளது. சாயத்தின் நிறத்தை மாதிரிப் பலகைகளில் காட்டி, என் ஒப்புதல் பெற்ற பிறகே வேலை தொடங்கும் என்றும் அதில் உள்ளது. மாதிரிப் பலகை எதுவும் எனக்குக் காட்டப்படவில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது. பகல் வெளிச்சத்தில் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று உடனே பதில் எழுதினேன். பிறகு பட்டறைக்கு வந்தபோது மூடிக்கும் பக்கங்களுக்கும் பி.யு. அடித்து முடித்திருந்தார்கள்.

ஈட்டி மரத்தின் செம்பழுப்பும் அதனூடே ஓடும் கருங்கோடுகளும் இப்போது ஒரே கருங்காப்பி நிறத்துக்குள் மறைந்துவிட்டன. மூடியின் பித்தளைக் கீலைக் கழற்றிப் பாருங்கள். வெளிச்சமே படாத அந்த இடத்தில் மரத்தின் பழைய நிறம் இன்னும் இருக்கிறது. சாயம் கலக்க அதைவிட நல்ல மாதிரி வேறில்லை. மூடியின் முன் விளிம்பிலோ, இயந்திரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய ஈட்டித் தகடு) போய், ஒரு விரல் நீளத்துக்கு அடிமரம் வெளிறித் தெரிகிறது. அதைப் பழுப்புச் சாயத்தால் தொட்டு மறைத்து, அதன் மேலேயே பூச்சு அடித்திருப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம். இது பிரேசில் ஈட்டி என்று தங்கள் மதிப்பீடே சொல்கிறது. அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருப்பதால், போன வெனீருக்கு ஈடாகப் புதிதாக வாங்கி ஒட்டிவிடுவது எளிதல்ல.

சென்னையின் ஈரப்பதத்துக்கு பி.யு.தான் தாங்கும் என்று தங்கள் மேற்பார்வையாளர் விளக்கினார். அரக்கு சூட்டையும் ஸ்பிரிட்டையும் தாங்காது, ஈரம் தேங்கினால் வெளுக்கும் என்பதையெல்லாம் நான் மறுக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அந்த வாதம் சரி. ஆனால் அரக்கு பாலிஷில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி ஏற்றினால் போதும், புதியது பழையதில் கரைந்து கலந்துவிடும்; இறுகிய பி.யு. ஸ்பிரிட்டில் கரையாது, எடுக்க வேண்டுமானால் நீக்கி திரவத்தால் இளக்கிச் சுரண்டவோ, தேய்க்கவோதான் வேண்டும். ஏற்கெனவே மெலிந்துவிட்ட வெனீர் அதைத் தாங்குமா என்பதே என் கவலை. இந்தப் பியானோ செய்யப்பட்ட காலத்தில் பி.யு. என்பதே கிடையாது. அன்று ஐரோப்பா பயன்படுத்திய அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போனது. அதை ஏற்றத் தெரிந்த கைகள் இங்கே கிடைக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியாது.

வெளிப்பூச்சால் பியானோவின் நாதம் கெட்டுவிட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒலிப்பலகை அதிர வேண்டிய பகுதி. அதன் மேலும் இதே பூச்சைத் தடிமனாக ஏற்றிவிடக் கூடாது. ஆகவே ஒலிப்பலகை, கால்கள், வார்ப்பிரும்புச் சட்டம் ஆகியவற்றில் பூச்சு வேலையை இன்றே நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடித்த பி.யு. பூச்சைத் தங்கள் செலவில், இயந்திரம் வைக்காமல், பூச்சு நீக்கி திரவம் தடவி இளக்கிக் கையாலேயே எடுத்துத் தர வேண்டும். வெனீரைப் பிடித்திருப்பது தண்ணீரில் இளகும் விலங்குப் பசை என்பதால் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. தேய்ந்த விளிம்பை எப்படிச் சரிசெய்வீர்கள் என்பதை எழுத்தில் தெரிவித்து, கீலின் அடி நிறத்தோடு ஒப்பிட்ட மாதிரிப் பலகைகளைப் பகலில் எனக்குக் காட்டிய பிறகே அரக்கு ஏற்ற வேண்டும். அதுவரை மீதித் தொகையை நிறுத்திவைக்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். மதிப்பீட்டின் நகலும் விளிம்பின் படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்