லீக் வரலாறு 2004இல் தொடங்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பின் விளையாட்டுப் பக்கத்தில் 'மலேசிய லீக் வெற்றியாளர்கள்' என்ற தலைப்பில் வெளிவந்த காற்பந்துப் பட்டியலைக் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்தப் பட்டியல் 2004ஆம் ஆண்டு பகாங் அணியில் தொடங்கி, 2024–25 பருவத்தில் ஜொகூர் டாருல் தக்சிம் அணி வென்ற பதினொன்றாவது பட்டத்தோடு முடிகிறது. அச்சிட்ட பெயர்களில் பிழை ஏதுமில்லை. ஆனால், நாட்டின் லீக் வரலாறு என்று தலைப்பிட்டுவிட்டு, சூப்பர் லீக் என்ற பெயரில் நடந்த 21 பருவங்களை மட்டும் கொடுத்திருப்பதால், 1982 முதல் 2003 வரையிலான 22 ஆண்டுகளின் வெற்றியாளர்களில் ஒருவருக்கும் அதில் இடமில்லை. எங்கள் பேராக் 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தொடர்ந்து வென்ற பட்டங்களும் அவற்றோடு சேர்ந்து காணாமல் போய்விட்டன. சுங்கை சிப்புட்டில் மாலை வேளையில் திடலுக்கு வரும் இளைஞர்களிடம் கேட்டால், பேராக் லீக் பட்டமே வென்றதில்லை என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; அவர்கள் கண்ணில் படும் பட்டியல்கள் எல்லாமே 2004இல்தான் தொடங்குகின்றன.

லீக்கின் தொடக்கம் பலருக்குக் குழப்பமாக இருப்பதற்குக் காரணம் மலேசியக் கிண்ணம். எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அதிகாரிகளும் மாலுமிகளும் அன்பளிப்பாகக் கொடுத்த கிண்ணத்துக்காக 1921இல் தொடங்கிய அந்தப் போட்டிதான், அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டுக் காற்பந்தின் உச்சமாக இருந்தது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2–1 என்ற கோல் கணக்கில் வென்றது. 1979இல் லீக் முறை வந்தபோதுகூட, அது மலேசியக் கிண்ணத்தின் அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெறும் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் சுற்றாகவே கருதப்பட்டது. புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெறும் அணிக்குத் தனிக் கிண்ணம் கொடுத்து, அதை லீக் வெற்றியாளராக அங்கீகரித்தது 1982இல்தான். அந்த முதல் கிண்ணத்தை வென்றது பினாங்கு. ஆகவே, நியாயமாகப் பார்த்தால் வெற்றியாளர் பட்டியலின் முதல் வரியில் இருக்க வேண்டிய பெயர் பினாங்குதான்.

அதைத் தொடர்ந்து 1983இல் மலாக்கா, 1984இல் சிலாங்கூர், 1985இல் சிங்கப்பூர், 1986இல் கோலாலம்பூர், 1987இல் பகாங், 1988இல் மீண்டும் கோலாலம்பூர் என்று பட்டம் கைமாறியது. கோலாலம்பூர் 1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து மலேசியக் கிண்ணத்தை வென்றதை இன்றைக்கும் பெரியவர்கள் மறக்கவில்லை. அதே அணி அதே காலக்கட்டத்தில் லீக்கையும் இருமுறை வென்றது என்று சொன்னால் வியப்போடு பார்க்கிறார்கள். கிண்ணத்தின் புகழில் லீக் மறைந்துபோனது அப்போதே தொடங்கிவிட்டது.

1989இல் லீக் அரைத்தொழில்முறைக்கு மாறி, இரண்டு பிரிவுகளாக நடந்தது. முதலிரண்டு ஆண்டுகளும் சிலாங்கூர் வென்றது. 1991இல் ஜொகூர், 1992இல் பகாங், 1993இல் கெடா, 1994இல் சிங்கப்பூர் என நான்கு ஆண்டுகளில் நான்கு வெவ்வேறு அணிகள் பட்டத்தை வென்றதோடு, அந்தந்த ஆண்டின் மலேசியக் கிண்ணத்தையும் சேர்த்தே தட்டிச் சென்றன. அப்படியொரு தொடர் அதற்குப் பிறகு அமையவில்லை. ஃபாண்டி அகமது, ஆஸ்திரேலியாவின் ஆலன் டேவிட்சன், அபாஸ் சாத் போன்றோர் விளையாடிய காலம் அது. 1994 இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் பகாங்கை 4–0 என வென்றபோது அபாஸ் சாத் மட்டுமே மூன்று கோல்களைப் போட்டார். அந்தப் பருவத்தோடு சிங்கப்பூர் நமது லீக்கை விட்டு வெளியேறியதும், அதே காலத்தில் ஆட்ட ஊழல் விசாரணை வெடித்து ஏராளமான ஆட்டக்காரர்கள் தடைசெய்யப்பட்டதும் லீக்கின் வரலாற்றிலேயே பெரிய காயங்கள். அவற்றைச் சொல்லாமல் விட்டால், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் திடல்களில் கூட்டம் ஏன் குறைந்தது என்பது இன்றைய வாசகருக்கு விளங்காது. அந்தச் சோர்வுக்கிடையிலும் 1996இல் சபாவும் 1997இல் சரவாக்கும் அடுத்தடுத்து வென்றன. கிழக்கு மலேசியாவுக்குக் கிடைத்த லீக் பட்டங்கள் அவை இரண்டு மட்டுமே. 2004இல் தொடங்கும் எந்தப் பட்டியலிலும் அவை வருவதில்லை.

பேராக்கின் இரண்டு பட்டங்களும் விடுபடுவதற்குப் பெயர் மாற்றமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1998 முதல் 2003 வரை உச்ச லீக்கின் பெயர் லீகா பெர்டானா சத்து, அதாவது 'பிரிமியர் லீக் ஒன்று'. 2004இல் உச்ச லீக் சூப்பர் லீக் ஆனதும், அதற்கு அடுத்த நிலையில் இருந்த பிரிவு பிரிமியர் லீக் என்று அழைக்கப்பட்டது. இதனால் 2003 வரை வென்றவர்கள் எல்லாரும் இரண்டாம் பிரிவில் வென்றவர்கள் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. 1998இலும் 2001இலும் பினாங்கு, 1999இல் பகாங், 2000இல் சிலாங்கூர், 2002இலும் 2003இலும் பேராக் ஆகியவை வென்றது நாட்டின் முதல்தரப் பட்டத்தையே.

இந்த 22 ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் படமே மாறுகிறது. சிலாங்கூருக்கு 6 பட்டங்கள், பகாங்குக்கு 5, பினாங்குக்கும் கெடாவுக்கும் தலா 3, பேராக், கோலாலம்பூர், கிளந்தான், சிங்கப்பூர் ஆகியவற்றுக்குத் தலா 2. சூப்பர் லீக் காலத்தை மட்டும் எடுத்தால், சிலாங்கூருக்கு 2009, 2010 என இரண்டும் பகாங்குக்கு ஒன்றும்தான் மிஞ்சும். 2005இல் பெர்லிஸ் வென்றதையும், அடுத்த பருவத்தில் நெகிரி செம்பிலான் வென்றதையும் தங்கள் பட்டியல் சரியாகவே காட்டுகிறது. நாட்டின் மிகச் சிறிய மாநிலமான பெர்லிஸ் லீக்கை வென்ற அந்த ஆண்டுக்கென்றே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம்.

ஜொகூர் டாருல் தக்சிமின் சாதனையைக் குறைத்துக் காட்டுவது என் நோக்கமன்று. 2014 முதல் 2024–25 வரை ஒரு பருவம்கூட விடாமல் பதினொரு முறை வென்றதும், 2015இல் தஜிகிஸ்தானின் துஷான்பேயில் இஸ்திக்லோல் அணியை 1–0 என வீழ்த்தி ஆசியக் கழகங்களுக்கான ஏஎஃப்சி கிண்ணத்தைக் கைப்பற்றிய முதல் தென்கிழக்காசிய அணியானதும், 2023 லீக்கில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முடித்ததும் மாபெரும் சாதனைகள். முழு வரலாற்றையும் எடுத்தாலும் முதலிடம் அந்த அணிக்கே. ஆனால், 1991இல் ஜொகூர் மாநில அணி வென்ற பட்டத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. 2013இல் டாருல் தக்சிம் ஆக மாறியது ஜொகூர் எஃப்சி. 1991இல் வென்றது ஜொகூர் காற்பந்துச் சங்கத்தின் மாநில அணி. அதே கவனத்தோடு, 2013இல் வென்ற, சிங்கப்பூர் காற்பந்துச் சங்கம் நமது லீக்குக்கு அனுப்பிய லயன்ஸ் XII அணியின் பட்டத்தையும் சிங்கப்பூரின் 1985, 1994 பட்டங்களோடு கலக்காமல் தனியே குறிப்பிட வேண்டும்.

கோல்களையும் புள்ளிகளையும் ஒப்பிடும்போது இன்னொரு விவரம் அவசியமாகிறது. 2004இல் எட்டு அணிகளே இருந்ததால் ஓர் அணி 21 ஆட்டங்கள் விளையாடியது. 2020இல் கோவிட் தொற்றால் 11 ஆட்டங்களோடு பருவம் முடிந்தது. 2023இல் 14 அணிகள், 26 ஆட்டங்கள். 2009 முதல் 2011 வரை வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு அனுமதியே இல்லை. இவற்றைக் குறிப்பிடாமல் ஒரு பருவத்தின் அதிகபட்ச கோல்களை இன்னொரு பருவத்தோடு வைத்துப் பார்ப்பது ஆட்டக்காரர்களுக்கு நியாயம் செய்வதாகாது. ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் போதும்.

தமிழ்ப் பத்திரிகை என்ற முறையில் தங்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு என்பதையும் பணிவோடு சொல்ல விரும்புகிறேன். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த சிலாங்கூர் கோல்காவலர் ஆர். ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் காலமானார். அவர் பெயரைத் தெரியாத தமிழர் குடும்பம் இங்கே குறைவு. ஆனால் அவர் எந்தெந்த ஆண்டு லீக்கில் விளையாடினார், அந்த ஆண்டுகளில் சிலாங்கூர் எந்த இடத்தில் முடித்தது என்று கேட்டால் பதில் சொல்லும் ஒரு பக்கம் தமிழில் இல்லை. பேராக்கின் முன்னாள் ஆட்டக்காரர் எம். கராத்து பயிற்றுநராக இருந்து 2011இல் கிளந்தானுக்கு முதல் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். எஸ். குணாளன் ஜொகூர் டாருல் தக்சிமுக்காகப் பல பருவங்கள் வெற்றிப் பதக்கம் பெற்றார். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் வழியே உருவாகி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை வந்த அணி 2022 பருவத்துக்குப் பிறகு விலகிக்கொண்டது. தோட்டத் திடல்களில் வெறுங்காலோடு பழகிய ஒரு தலைமுறையின் பிள்ளைகள் நாட்டின் முதல்தர லீக்கில் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதற்கான சான்று இது.

அணிகள் மறையும்போது அவற்றின் ஏடுகளும் மறைகின்றன. பெர்லிஸ் 2019இல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. பேராக்கும் 2025–26 பருவத்துக்கு முன் விலகிவிட்டது. இப்போது தொகுக்காவிட்டால் இரண்டு தலைமுறையின் நினைவுகளைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. எங்கள் ஊரில் தோட்டக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பால் எடை எழுதும் பழைய பேரேட்டில் எண்பதுகளின் லீக் புள்ளிப் பட்டியல்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார். கஞ்சி போட்டு ஒட்டியதால் ஓரங்களைப் பூச்சி அரித்துவிட்டது. ஆனாலும் 1986ஆம் ஆண்டின் இறுதிப் பட்டியலில் ஆட்டம், வெற்றி, சமநிலை, தோல்வி, கோல், புள்ளி எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. பட்டியலுக்கு அடியில் ஒவ்வோர் ஆண்டும் பேராக் பெற்ற இடத்தைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

ஆகவே, தாங்கள் அந்தப் பட்டியலை 1982இலிருந்து தொடங்கித் திருத்தி வெளியிட வேண்டும் என்றும், மலேசியக் கிண்ணத்தையும் லீக்கையும் தனித்தனிப் பத்திகளாகக் காட்ட வேண்டும் என்றும், வாசகர்கள் வைத்திருக்கும் பழைய நறுக்குகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி அறிவிப்பு ஒன்று போட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பெரியவர் தம்முடைய பேரேட்டைத் தங்கள் நிருபரிடம் காட்டச் சம்மதித்துவிட்டார். அதில் மலாக்கா வென்ற 1983ஆம் ஆண்டுப் பக்கம் மட்டும் கிழிந்து போயிருக்கிறது. மலாக்கா, ஜாசின், தம்பின் பக்கத்து வாசகர்கள் யாரிடமாவது அந்த ஆண்டின் புள்ளிப் பட்டியல் இருந்தால், அதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.