1960 உலகத் தொடரை மறுபடி ஆடிய ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நண்பர்களே, வணக்கம்.

பிட்ஸ்பர்க்கில் வாழும் நம் தமிழ் நண்பர்கள் வட்டத்துக்குச் சென்ற பொதுக்குழு ஒரே ஒரு வேலையைத்தான் கொடுத்தது: நம் ஊர் பைரேட்ஸும் நியூயார்க் யாங்கீஸும் மோதிய 1960 பேஸ்பால் உலகத் தொடரை, ஆப்பா என்ற பகடை விளையாட்டின் பழைய அட்டைகளைக் கொண்டு, அன்று இறங்கிய அதே வரிசையில், அதே பிட்சர்களோடு (பந்து வீசுபவர்களோடு) ஆடி முடிப்பது. ஏழு ஆட்டங்களையும் முடித்துவிட்டோம் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சில வரிகள். ஆப்பா நம் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்த விளையாட்டு. லங்காஸ்டரில் ரிச்சர்ட் சைட்ஸ் 1951-ல் இதை விற்கத் தொடங்கினார். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. பெரிய சிவப்புப் பகடை பத்துகளின் இடம், சிறிய வெள்ளைப் பகடை ஒன்றுகளின் இடம். 11 முதல் 66 வரை 36 வாய்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அட்டையில் ஓர் எண் இருக்கும். 13 என்றால் ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்காமலே அவுட்), 14 என்றால் வாக் (அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம்). மற்றவற்றுக்கு, எந்தெந்த பேஸில் ஆள் நிற்கிறார் என்பதை வைத்துப் பலகையில் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிரே இருப்பவர் தரமான பிட்சர் என்றால் சில ஹிட்கள் அவுட்டாகிவிடும். அவ்வளவுதான் கருவி. ஓர் ஆட்டக்காரர் அந்தப் பருவம் முழுக்க ஆடியது அந்தச் சின்ன அட்டைக்குள் அடங்கியிருக்கிறது.

உண்மையான தொடரில் யாங்கீஸ் எடுத்தது 55 ரன், பைரேட்ஸ் 27. ஆனாலும் ஏழில் நான்கு ஆட்டங்களை வென்றதால் கோப்பை பைரேட்ஸுக்கு. யாங்கீஸின் பாபி ரிச்சர்ட்சன் அந்தத் தொடரில் 12 ரன்களைக் கொண்டுவந்து, தோற்ற அணியில் இருந்தும் சிறந்த ஆட்டக்காரர் பரிசைப் பெற்றார். ஆனால் பருவம் முழுக்க அவர் அடித்தது ஒரே ஒரு ஹோம் ரன். அவருடைய அட்டையும் அப்படித்தான் பேசுகிறது. நம் தொடரில் அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. சில உறுப்பினர்களுக்கு இது ஏமாற்றம். அட்டை நேர்மையாக நடந்துகொண்டது என்பதே என் கருத்து.

ஏழாவது ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1960 அக்டோபர் 13, பைரேட்ஸின் அன்றைய மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டு. எட்டாவது இன்னிங்ஸில் பைரேட்ஸின் பில் வெர்டன் அடித்த தரைப்பந்து டபுள் பிளேயாக (ஒரே பந்தில் இருவர் அவுட்) வேண்டியது. மண்ணில் பட்டுத் துள்ளி, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப் டோனி குபெக்கின் தொண்டையில் அடித்தது. அந்த இன்னிங்ஸில் பைரேட்ஸ் ஐந்து ரன் எடுத்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் பில் மாசெரோஸ்கியின் ஹோம் ரன், 10-9 என பைரேட்ஸுக்கு வெற்றி. நம் மேஜையிலும் எட்டாவது இன்னிங்ஸில் முதல் பேஸில் ஆள் இருக்க, வெர்டனே பேட்டுக்கு வந்தார். பகடை உருண்டது. பலகையில் விரல் வைத்துப் படித்தோம்: ஷார்ட்ஸ்டாப்புக்குத் தரைப்பந்து, டபுள் பிளே. "இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே" என்று குரல்கள் எழுந்தன. செயற்குழு மறுத்துவிட்டது. ஸ்கோர் ஷீட்டில் யாங்கீஸ் வென்றதாகவே பதிவாகியிருக்கிறது. அன்றைய மண்ணில் கிடந்த கல் எந்த அட்டையிலும் இல்லை.

இன்னொன்று. உண்மையான அந்த ஆட்டத்தில் இரு தரப்பிலும் ஒரு ஸ்டிரைக் அவுட்கூட இல்லை. உலகத் தொடர் வரலாற்றிலேயே அப்படி ஒரு ஆட்டம் அது மட்டும்தான். நம் மேஜையில் யாங்கீஸின் மிக்கி மேன்டில் முதல் முறை வந்தபோதே 13 விழுந்துவிட்டது. அந்தப் பருவத்தில் 125 முறை ஸ்டிரைக் அவுட் ஆனவருக்கு வேறென்ன விழும்!

இந்த ஆண்டின் பெரிய விவாதம் யாங்கீஸ் மேலாளர் கேசி ஸ்டெங்கல். அந்தத் தொடரில் பிறகு இரண்டு ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்னும் கொடுக்காத பிட்சர் வைட்டி ஃபோர்டை முதல் ஆட்டத்தில் இறக்காமல் ஆர்ட் டிட்மாரை இறக்கினார், அதனால்தான் தொடர் போனது என்று 60 ஆண்டுகளுக்கு மேலாக ஊரே சொல்கிறது. டிட்மார் முதல் ஆட்டத்தில் ஒரே ஒருவரை அவுட்டாக்கிவிட்டு வெளியேறினார் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பருவத்தில் டிட்மார் 15 வெற்றி 9 தோல்வி, சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 3.06, ஃபோர்டு 12 வெற்றி 9 தோல்வி, சராசரி 3.08. முடிவு தெரிந்தபின் நாம் பேசுகிறோம். அக்டோபர் காலையில் ஸ்டெங்கல் கையில் இருந்தது இந்தக் கணக்கு. பழைய அட்டைகளை எடுத்து ஆடுவதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே, அந்தக் காலையில் போய் நிற்க முடிகிறது என்பதுதான். என்றாலும் ஃபோர்டை முதல், நான்காவது, ஏழாவது ஆட்டங்களில் இறக்கித் தொடரை மறுபடி ஆட வேண்டும் என்ற தீர்மானத்தை நான் முழுமனதோடு முன்மொழிகிறேன்.

அட்டைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். பைரேட்ஸின் மாசெரோஸ்கி, கிளெமென்டே அட்டைகளின் ஓரம் பழுத்து நாராகிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை, ஆடத்தானே அச்சடித்தார்கள். பிளாஸ்டிக் உறை போட்டு ஆடுவோம். மேஜையில் காபி மட்டும் வேண்டாம்.

அக்டோபர் 13 அன்று நம் ஊரின் ஓக்லாண்டு பகுதியில் எஞ்சியிருக்கும் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மதிலருகே ஊர்க்காரர்கள் கூடி அன்றைய வானொலி வர்ணனையைக் கேட்பது வழக்கம். இம்முறை வட்டத்தினர் அனைவரும் குடும்பத்தோடு வர வேண்டும்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வைப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே அவரைப் பார்த்துவிடவும். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்