மாத்திரைக்குக் கேட்கிற வலி

அன்புள்ள தம்பிக்கு,

போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பினாய். அப்புறம் சத்தமே இல்லை. போன் செய்தால், "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். வேலை இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்காவின் பெரியவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. வலி மாத்திரையை நிறுத்திவிட்டுக் களிம்பு மட்டும் தடவிக்கொள்கிறார். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, கூடவே நீர் மாத்திரை, அதற்கு மேல் வலி மாத்திரையும் என்றால் சிறுநீரகம் எப்படித் தாங்கும் என்று நான் கத்தின கத்தல் இந்தத் தடவைதான் அவர் காதில் ஏறியிருக்கிறது. சின்னவளைப் பற்றியும் எழுத நினைத்தேன், அது இன்னொரு நாள்.

உன் பையைத் துவைக்க எடுத்தபோது உள்ளே இருந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். நோண்டிப் பார்த்தேன் என்று கோபப்படாதே. ஆயுசில் பாதியை மருந்துக் கவுன்டரில் கழித்தவளுக்கு அட்டையின் முதுகைப் பார்த்தாலே போதும். ஒன்று டைக்ளோஃபெனாக். இன்னொன்று அசிக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமால் சேர்ந்தது. இரண்டும் வலி மாத்திரைகள், பெயர் வேறே தவிர ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று போதவில்லை என்று இன்னொன்றையும் போட்டால் வலி இரட்டிப்பாகக் குறைந்துவிடாது, வயிற்றுப் புண்ணுக்குத்தான் வழி. சாப்பிட்டுவிட்டுத்தானே போடுகிறேன் என்பாய். எரிச்சல் வேண்டுமானால் குறையும். உடம்பில் சுரந்து வலியைக் கூட்டுகிற புராஸ்டாகிளாண்டின் என்ற அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரையும் காவல் காக்கிறது. இந்த மருந்துகள் ரத்தத்தில் கலந்து போய் அதன் உற்பத்தியைக் குறைக்கின்றன. ஊசியாகப் போட்டாலும் அதே கதைதான். பாராசிட்டமாலையும் கணக்கில் வை. காய்ச்சல் என்று தனியாக ஒன்று போடும்போது இந்த அட்டையில் இருப்பதையும் கூட்டிக்கொள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கல்லீரலில் கை வைக்கும். மலம் கருப்பாகப் போனால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதே. மாமாவுக்கு அப்படித்தான் ஆனது, தெரியும் உனக்கு.

இதையெல்லாம் நீ சின்ன வயதிலிருந்து கேட்டு அலுத்தவன். கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து மருந்துப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளை நீ. வருகிறவர்களிடமெல்லாம் இவன் என் பையன் என்று நான் சொல்லிக்கொண்டதும் உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கி, அம்மா கண்ணில் படாமல் பைக்குள் ஒளித்து வைப்பானா?

அதுகூடப் போகட்டும். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில்தான் எனக்குள் கிடந்து உறுத்துகிறது. "ஒரு மாத்திரை போட்டா பட்டுன்னு போயிடுதும்மா, ஒண்ணுமில்ல" என்றாய். நான் கவலைப்படக் கூடாது என்று சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் இல்லை. குனிந்து எதையோ தூக்கினதில் பிடித்துக்கொண்ட முதுகு, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்ததால் வலிக்கிற முதுகு, இவையெல்லாம் இந்த மாத்திரைகளுக்கு அவ்வளவு லேசில் கேட்பதில்லை. கொஞ்சம் குறையும், திரும்ப வரும், பல பேருக்குச் சில வாரங்களில் தானே சரியாகும். ஒன்றிரண்டு நாளில் அப்படியே துடைத்து எடுத்த மாதிரி போகிற முதுகுவலி என்றால் டாக்டர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். காலையில் எழுந்ததும் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது, அரை மணிக்கு மேலா? படுத்தால் கூடுகிறதா, நடந்தால் குறைகிறதா? பின்னிரவில் எழுப்பிவிடுகிறதா? மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறதா? 45 வயதுக்கு முன்னால் தொடங்கியதா?

இரவு மூன்று மணிக்கு நீ கூடத்தில் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தேன் என்றாய். சரி என்று படுத்துவிட்டேன். மறுநாள் அப்பா பின்னாலிருந்து கூப்பிட்டபோது கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்ந்து திரும்பினாய். எங்கள் வீட்டில் அப்படித் திரும்புகிற ஒருவரைப் பார்த்தே நான் வளர்ந்தேன். மாமா வீட்டில் முகக்கண்ணாடி எந்த உயரத்தில் மாட்டியிருந்தது என்று உனக்கும் நினைவிருக்கும்.

நோய்க்குப் பெயர் வைப்பது கவுன்டரில் நிற்கிறவள் வேலை இல்லை. வாழ்நாள் முழுக்க அந்தக் கட்டுப்பாட்டோடு இருந்துவிட்டேன், உன்னிடமும் அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். முதுகெலும்பின் மூட்டுகளில் அழற்சி வந்து, கவனிக்காமல் விட்டால் சிலருக்கு எலும்போடு எலும்பு சேர்ந்து இறுகிவிடுகிற வாத நோய். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுக் குறியோடு இதற்குத் தொடர்பு இருப்பதை 1973-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் குறி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை, அதையும் நினைவில் வை. ஆனால் அது குடும்பத்தில் இறங்கும். மாமாவுக்கு இருந்தது, எனக்கு ஒன்றும் இல்லை. என் வழியாக உன்னிடம் வந்திருக்குமோ என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. அப்பாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

மாமாவுக்கு என்ன என்று தெரியவே பல வருடம் ஆயிற்று. முதுகுவலி யாருக்குத்தான் இல்லை என்றார்கள், ஓய்வெடு என்றார்கள். இந்த நோய்க்கு ஓய்வுதான் எதிரி. அவர் காலத்தில் வலி மாத்திரையும் உடற்பயிற்சியும் விட்டால் பெரிதாக வேறு வழியும் கிடையாது. எட்டனர்செப்ட் மாதிரி, டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைக் கட்டுப்படுத்தும் ஊசிகளுக்கு இந்த நோய்க்காக அனுமதி கிடைத்ததே 2003-ஐ ஒட்டித்தான். அதற்குள் அவர் முதுகு முடிந்துபோயிருந்தது. உனக்கு அப்படி ஆக வேண்டிய அவசியமே இல்லை.

மாத்திரையைத் தூக்கிப் போடு என்று சொல்கிறேன் என நினைக்காதே. இந்த நோய்தான் என்றால் முதல் மருந்தும் அதே குடும்பத்து மாத்திரைதான். ஆனால் ஒன்றே ஒன்று, டாக்டர் சொன்ன அளவில், தேவைப்பட்டால் வயிற்றைக் காக்கிற மாத்திரையோடு, ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் அளவும் அவ்வப்போது பார்த்துக்கொண்டு போட வேண்டும். இரண்டை ஒன்றாகப் போடாதே. யாராவது ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் பறந்துவிடும் என்பார்கள், முதுகுக்கு வருகிற இந்த நோயில் அதை விழுங்கிப் பிரயோஜனம் இல்லை. அந்த டி.என்.எஃப். ஊசி வரைக்கும் போனால் முதலில் காசநோய்ச் சோதனை செய்யாமல் ஆரம்பிக்கக் கூடாது. அதையும் கேட்டு வைத்துக்கொள். சிகரெட்டைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. புகைக்கிறவர்களுக்கு இது வேகமாக முற்றுகிறது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எலும்பு டாக்டரிடம் போகாதே, வாத நோய் நிபுணரிடம் போ, ருமட்டாலஜிஸ்ட் என்று கேள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதே. வருடக்கணக்கில் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கும். முதுகெலும்பு இடுப்போடு சேருகிற மூட்டை எம்.ஆர்.ஐ. எடுத்தால் முன்கூட்டியே தெரிய வாய்ப்பு உண்டு. மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு போ, எத்தனை நாளாகப் போடுகிறாய் என்று ஒளிக்காமல் சொல். மாமாவைப் பற்றிச் சொல். கேட்டால்தான் சொல்வேன் என்று உட்கார்ந்திருக்காதே, நீயாகச் சொல். மாத்திரைக்குப் பட்டென்று கேட்கிறது என்பதையும் சொல், அது முக்கியம்.

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். இருந்தால் நல்லது, கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று நீயும் அக்காவும் சேர்ந்து சிரியுங்கள். ஆனால் போய்ப் பார்த்துவிட்டுச் சிரி. உன் மனைவிக்கு இதெல்லாம் தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் அவளிடம் சொல், அப்புறம் எனக்கு. டாக்டரிடம் நாள் வாங்கியதும் தேதியை மட்டும் அனுப்பு. ஒரு வரி போதும், உனக்கு அது பழக்கம்தானே.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: போன வருடம் ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசுகிறது என்றாயே, கண்வலி என்று ஏதோ சொட்டு மருந்து விட்டுக்கொண்டாய். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், இந்த நோயோடு கண்ணுக்குள்ளும் அழற்சி வரும். மறுபடி அப்படி வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போ. நீயாகச் சொட்டு மருந்து வாங்கி விடாதே.