இந்த வருடம் செக்கு வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 18 வ.உ.சி. நினைவு நாள். வழக்கமாக அன்று நம் பள்ளி மேடைக்கு ஓர் அட்டைக் கப்பல் வரும். நாலைந்து பையன்கள் மீசை வரைந்துகொண்டு செக்கிழுப்பார்கள். போன வருடம் ஃபேன் காற்றில் கப்பல் கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த வருடம் கப்பலும் வேண்டாம், செக்கும் வேண்டாம் என்று ஆசிரியர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.

கப்பலுக்கும் செக்குக்கும் நடுவே இதே தூத்துக்குடியில் நடந்தது நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் ‘கோரல் மில்’ என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு கைகூட எழவில்லை.

அது வெள்ளைக்காரர்கள் நடத்திய நூல் மில். 1908 பிப்ரவரி 27 அன்று அந்த மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விடியும்போது உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வர முடியும். வார விடுமுறை கிடையாது. நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வயதுள்ளவர்களும் உள்ளே வேலை செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். பேசுவது சரி, கூலி இல்லாத வீட்டில் உலை வைப்பது எப்படி? அதற்கும் ஊரில் பணம் திரட்டிக் கொடுத்தார் வ.உ.சி. எனக்கு மேடைப் பேச்சைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. தொழிலாளர்களுக்கு எதிராகப் பேசிய வக்கீல் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், விஷயம் தெரிந்ததும் பாதி முகத்தோடு விட்டுவிட்டு எழுந்து போனார் என்று ஒரு கதை உண்டு. பிள்ளைகளிடம் சொன்னால் கட்டாயம் சிரிப்பார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். செக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் மில்லிலோ உப்பளத்திலோ ஹார்பரிலோ உழைத்த பெரியவர்கள் இருந்தால், எத்தனை மணிக்குப் போனார்கள், என்ன கூலி வாங்கினார்கள், சங்கத்தில் இருந்தார்களா என்று பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளே ஒரு பக்கம் எழுதி வரட்டும். எழுத்துப் பிழையை யாரும் திருத்த மாட்டோம். நேரில் வந்து பேசினால் இன்னும் நல்லது.

உப்பளத்துக்கு விடியுமுன்பே போகிறவர்களை நினைத்துத்தான் நிகழ்ச்சியை மதியம் 2 மணிக்கு வைத்திருக்கிறோம். நேராக வேலை உடையிலேயே வந்தாலும் முன்வரிசையில் நாற்காலி இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்