டிஸ்சார்ஜ் சீட்டில் தேதியை எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்ணூறு கிராமில் பிறந்த குழந்தை நலமாக வீடு திரும்பியது என்று படத்துடன் செய்திகள் வரும்போதெல்லாம் எங்களுக்கும் மனம் நிறைகிறது. ஆனால் உயிர் போய்த் திரும்பிய பிரசவத்துக்குப் பிறகு, தேதி தவறினால் ஈடுகட்டவே முடியாத சில பரிசோதனைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் வருகின்றன. பல டிஸ்சார்ஜ் சீட்டுகளில் அவற்றுக்கு 'ரிவ்யூ' (மீண்டும் வந்து காட்டவும்) என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது.

முதலாவது கண். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பின் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் பிறந்த 30 நாளுக்குள் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். 28 வாரத்துக்கு முன்போ, 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்தால் போதாது, ரத்தக்குழாய் முழுதாக வளரும்வரை டாக்டர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். லேசர் தேவை என்றால் இரண்டு, மூன்று நாளுக்குள் செய்துவிட வேண்டும். சென்னையில் பிரசவம் முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு, வெளியூருக்கு அழைத்துப் போகிறார்கள். 'இவ்வளவு சின்னக் குழந்தையை எப்படி வெளியே தூக்கிப் போவது, நாற்பது நாள் கழியட்டும்' என்று பெரியவர்கள் சொல்வது அக்கறையில்தான். ஆனால் கண் பார்க்க வேண்டிய நாள் அந்த நாற்பதுக்குள் போய்விடுகிறது. ஊருக்குப் போகிறவர்களுக்கு எந்தத் தேதியில், அங்கே எந்த மருத்துவமனையில் என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். செவித்திறன் பரிசோதனைக்கும் அப்படியே.

இரண்டாவது தாயின் பிபி. பிபி ஏறியதால் அவசரமாகக் குழந்தையை எடுத்தவர்களுக்கு, பிரசவம் முடிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று வீட்டில் நினைக்கிறார்கள். பெரும்பாலும் 3 முதல் 6 நாளுக்குள்தான் பிபி மீண்டும் உச்சத்துக்குப் போகிறது. அதாவது, பலர் வீட்டுக்குப் போய்விட்ட நாட்களில். பிபி ஏறுவதால் வரும் வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரலாம். விடாத தலைவலி, பார்வை மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும், அல்லது பிபி 160/110-ஐத் தொட்டாலும் 108-ஐ அழைக்க வேண்டும். தூக்கம் கெட்டதால் வந்த தலைவலி என்று தைலம் தேய்த்துப் படுக்கவைப்பது மிக ஆபத்தானது. மூன்றாம் நாளிலும், ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள்ளும் பிபி பார்ப்பது கட்டாயம் என்று சீட்டில் இருக்க வேண்டும்.

பால் விஷயத்தில் இழப்பு முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. குழந்தை இன்குபேட்டர் பெட்டியில் இருக்கிறது, தாய் வேறு வார்டில், சில நேரம் வேறு மருத்துவமனையிலேயே இருக்கிறார். 'குழந்தை வரட்டும், அப்புறம் பால் பார்க்கலாம்' என்று காத்திருந்தால் சுரப்பு குறைந்துவிடும். தாயின் நிலை தேறியிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் பீய்ச்சத் தொடங்கி, இரவில் ஒருமுறையாவது சேர்த்து நாளைக்கு எட்டு முறை எடுக்க வேண்டும். கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் காம்பிலிருந்து ஓரங்குலம் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி விட வேண்டும். தோலில் தேய்த்து இழுக்கக் கூடாது, புண்ணாகும். முதல் இரண்டு நாள் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சீம்பால் கெட்டி என்பதால் பம்பில் ஒட்டி வீணாகும், கையால் எடுத்துச் சிரிஞ்சில் சேர்ப்பதே நல்லது. அந்த ஒரு மில்லியும் குறைமாதக் குழந்தையின் குடலைக் காக்கும் மருந்து. பாலை வெளியே நான்கு மணி நேரம் வைக்கலாம் என்பது 25 டிகிரிக்கு உட்பட்ட அறைக்குச் சொன்னது. சென்னை வெயிலில் எடுத்தவுடன் ஃபிரிட்ஜின் உள்பக்கம் வைத்துவிடுங்கள், கதவில் வேண்டாம். ரத்தம் அதிகம் போன தாய்க்குப் பால் தாமதமாகவே ஊறும். அது அவர் குற்றமில்லை. வார்டிலேயே அவர் காதுபடக் குத்திப் பேசுவதை உறவினர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை அப்பாவும் செய்யலாம். அதற்கு அவரை உள்ளே விட வேண்டும்.

இன்னொன்று. மயக்கத்தில் இருந்த தாய்க்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் போகிறது. ஏன் அவசர ஆபரேஷன், எத்தனை யூனிட் ரத்தம் ஏற்றினார்கள், கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்பதை டாக்டர் உட்கார்ந்து சொல்லி, சீட்டிலும் எழுத வேண்டும். மிகக் குறைமாதத்தில் சில நேரம் மேல்பகுதியில் நெடுக்காக வெட்ட நேரும். அப்படியானால் அடுத்த முறை வலி வந்தாலே தையல் விட்டுப்போகும் அபாயம் உண்டு. தெரியாதது மனத்தையும் அரிக்கும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, திடுக்கிட்டு விழிப்பது, குழந்தையைத் தொடவே பயம் என்று இருந்தால் 14416-ல் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸை இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணையும் அதே சீட்டில் அச்சடித்துத் தரும்படி சென்னையின் அரசு, தனியார் மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள்,
சென்னை.