முடியலங்காரப் பாடம் நடத்துவோருக்கு ஒரு சுருட்டைத் தலையின் மடல்

முடிதிருத்தமும் முடியலங்காரமும் கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும், அங்கே எதைக் கற்பிப்பது என்று முடிவெடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்களின் நாற்காலியில் இருபது வருடமாக உட்கார்ந்து எழுந்துவருகிறேன். என் முடி சுருட்டை. அலையலையாய் விழும் அழகான சுருட்டை இல்லை; பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போல வேரிலிருந்தே சுருண்டுகொள்ளும் ரகம். ஈரத்தில் இழுத்துப் பிடித்தால் தோளைத் தாண்டும். காய்ந்ததும் காதுமடலோடு நின்றுவிடும். நாற்காலியில் உட்கார்ந்து மேலே துணியைப் போர்த்தியவுடன் கண்ணாடி வழியாக அநேகமாக ஒரே கேள்விதான் வரும்: "ஸ்ட்ரெய்ட்னிங் பண்ணிடலாமா?" நான் போனது நுனி வெடிப்பை வெட்டிவிட.

கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பழகிய பொம்மைத் தலைகளில் இருந்தது நேர்முடி. படித்த வெட்டுகள் நேர்முடிக்கானவை. தேர்வுக்கு மாடலாகக் கூட்டிவந்த தோழிக்கும் நேர்முடியாகத்தான் இருந்திருக்கும். இப்படியே படிப்பை முடித்து வெளியே வருகிறவருக்குச் சுருட்டை என்பது இஸ்திரி போடாத சட்டை மாதிரி ஒரு குறையாகத்தான் தெரியும். அதனால்தான் இந்த மடலைக் கடைகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கடை என்பது வேண்டாம். நுனியில் ஒரு அங்குலம் எடுத்தால் போதும் என்றேன். தலையை அலசி, துண்டால் பரபரவென்று தேய்த்து, நெருக்கமான பல் சீப்பால் உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒரே இழுப்பு. சட் சட்டென்று சத்தம் கேட்டது. "சிக்கு இருக்கு" என்றார் அந்தப் பெண். சிக்கு அவிழும்போது சத்தம் வராது, அறும்போதுதான் வரும். நான் வாயைத் திறக்கவில்லை. கத்தரி வைத்திருப்பவரிடம் வாதாடும் தைரியம் எனக்கு அன்று இல்லை. பிறகு முடியை விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஸ்கேல் வைத்ததுபோல ஒரு நேர்கோடு. "ரொம்ப அடர்த்தியா இருக்கு, கொஞ்சம் குறைச்சு விடறேன்" என்று, சீப்பு மாதிரி பல் வைத்து இடையிடையே சில முடியை மட்டும் வெட்டும் பல் கத்தரியை எடுத்து உள்ளுக்குள் நான்கைந்து இடத்தில் கடித்துவிட்டார். காய்ந்து முடிந்ததும் பார்த்தால் இடப்பக்கம் காதுக்கு மேலே, வலப்பக்கம் தாடை வரை.

நீளம் கோணலானதைக்கூட விடுங்கள், வளர்ந்துவிடும். பல் கத்தரி செய்ததுதான் பெரிய வேலை. அதுவரை அடியில் மட்டும் இருந்த வெட்டுநுனிகள் இப்போது தலை முழுக்க, பாதி உயரத்தில், பக்கத்துச் சுருள்களோடு உரசிக்கொண்டு நின்றன. சில மாதத்தில் நடுமுடியிலிருந்தே வெடிப்பு எட்டிப்பார்க்க ஆரம்பித்தது. அடியில் வெடித்தால் வெட்டிவிடலாம். நடுவில் வெடித்தால் எங்கே வெட்டுவது?

உங்கள் முதல் வகுப்பில் ஒரு காரியம் செய்யுங்கள். உதிர்ந்த சுருட்டை முடி ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து, ஒரு பூதக்கண்ணாடியை மாணவர் கையில் கொடுங்கள். நுனி பாம்பின் நாக்கு மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும்; சிலதில் இறகு மாதிரி பல கிளையாகவும் இருக்கும். மருத்துவர்கள் இதற்கு வைத்த பெயரான டிரைக்கோப்டிலோசிஸ் என்பதிலேயே இறகைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒளிந்திருக்கிறது. முடியின் வெளிப்புறத்தில் மீன் செதில் போல ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த மேலடுக்குகள் இருக்கின்றன. அவை தேய்ந்து போனால் உள்ளே இருக்கும் நார்க்கற்றை, முறுக்கு விட்ட கயிறு போலப் பிரிந்துகொள்ளும். நீளவாக்கில் எங்காவது சிறிய வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே நார் நொறுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த இழுப்பில் அந்த இடம் அறும்.

அந்த நுனிக்கு வயது என்ன என்றும் கேளுங்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. 30 செ.மீ. நீளமுள்ள முடியின் நுனி இரண்டரை வயதுக் குழந்தை. அத்தனை அலசலையும் அத்தனை சீப்பையும் பார்த்துவிட்டது. அது உயிரற்ற புரதம் என்பதால் தோல் காயம் போலத் தானாக ஆறவும் ஆறாது. பிளந்ததை மீண்டும் சேர்ப்பதாகச் சொல்லி விற்கும் சீரம் எல்லாம் சிலிகான் போன்றவற்றைப் பூசித் தற்காலிகமாக ஒட்டிவைக்கின்றன. சில அலசலில் போய்விடும். ஒட்டிவைப்பதில் தப்பில்லை, குணமாக்கும் என்று சொல்வதுதான் தப்பு. பிளவுக்குச் சற்று மேலே, நல்ல இடத்தில், கூர்மையான கத்தரியால் வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டில் காகிதம் வெட்டும் கத்தரி நுனியை வெட்டாது, நசுக்கும். அந்த நசுங்கலே அடுத்த வெடிப்புக்கு வாசல்.

சரி, சுருட்டைக்கு மட்டும் என்ன தனிப் பாடம்? நேர்முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறத்தாழ வட்டம். என் மாதிரி முடி தட்டையான நீள்வட்டம். ஒவ்வொரு வளைவிலும் அது திரும்புகிறது, முறுக்கிக்கொள்கிறது. அங்கெல்லாம் செதில்கள் லேசாகத் தூக்கி நிற்கும். உச்சந்தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை நேர்முடியில் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். சுருட்டையில் அத்தனை வளைவு தாண்டி நுனிவரை போய்ச் சேருவதில்லை. வேரில் பிசுக்கு, நுனியில் வைக்கோல். போதாக்குறைக்கு ஒற்றை முடி தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அதை இழுத்து அவிழ்க்கப் பார்க்காதீர்கள், முடிச்சுக்கு மேலே வெட்டிவிடுங்கள்.

நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்பது சீவுவதைப் பற்றிய பாடத்தை மாற்றச் சொல்லித்தான். "ஈரத்தில் சீவக்கூடாது" என்பது நேர்முடிக்குச் சரியான விதி. தண்ணீர் பட்டால் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளரும், முடி ரப்பர் போல நீளும், அளவுக்கு மீறி இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் இறுக்கமான சுருட்டையைக் காயவைத்துச் சீவினால் சுருளோடு சுருள் பூட்டிக்கொண்டு இன்னும் மோசமாக அறும். ஆகவே இங்கே விதி தலைகீழ். ஈரம் இருக்கும்போதே, கண்டிஷனர் வழுக்கலோடு, முதலில் விரலால், பிறகு அகலமான பல் சீப்பால், நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல வேர்ப்பக்கம் ஏற வேண்டும். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியும் நேர்முடிக்கு ஒன்று, இறுக்கமான சுருளுக்கு ஒன்று என்று இதைப் பிரித்துத்தான் சொல்கிறது. ஒரே விதியை எல்லாத் தலைக்கும் சொல்லிக்கொடுத்ததன் விலைதான் நான் கேட்ட அந்தச் சட் சட்.

வெட்டுவதற்கும் இதே கதை. ஒவ்வொரு சுருளும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். ஒரே தலையிலேயே பிடரியில் ஒரு மாதிரி, நெற்றியோரம் இன்னொரு மாதிரி. ஈரத்தில் சமமாக வெட்டியது காய்ந்தால் சமமாக இருக்காது. முடி காய்ந்து தன் இயல்பில் விழுந்து கிடக்கும்போது, சுருள் சுருளாக எடுத்து வெட்டும் முறை ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும்தான். ஆனாலும் கற்றுக்கொடுங்கள். அப்புறம், நேர்முடியான 1ஏ-யிலிருந்து மிக இறுக்கமான சுருளான 4சி வரை முடியை வகை பிரிக்கும் அட்டவணையைச் சுவரில் ஒட்டியதோடு பாடம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது சுருளின் வடிவத்தை மட்டும்தான் சொல்கிறது. முடி மெல்லியதா தடித்ததா, தண்ணீரைச் சட்டென்று குடிக்கிறதா என்பதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும்.

சூட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. ஈரம் போகாத முடியில் ஸ்ட்ரெய்ட்னிங் கருவியை வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி, முடித்தண்டுக்குள்ளேயே குமிழ் விடும். குமிழ் விட்ட இடத்தில் முடி ஒடிந்துவிடும். ரசாயன ஸ்ட்ரெய்ட்னிங் வேண்டும் என்று கேட்டு வருபவர்களுக்குச் செய்யுங்கள், அது அவரவர் தலை. ஆனால் சில ஸ்மூத்தனிங் கரைசல்கள் சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை விடுகின்றன. அது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாடிக்கையாளர் வருடத்துக்கு ஒருமுறை முகர்வதை உங்கள் மாணவர் நாள் முழுக்க முகர்கிறார். அவர்களுக்காகவாவது சொல்லிக்கொடுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன்: அலசுவதற்கு முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், தேய்க்காமல் ஒற்றியெடுக்கப் பழைய பருத்திச் சட்டை, சாட்டின் தலையணை உறை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அலசுவதற்கு முன் தடவியபோதும் அந்தப் பயன் கிடைத்தது. பளபளப்புக்காகக் கடைசியில் நான்கு சொட்டு தெளிப்பதைவிட இது உருப்படியான பாடம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். பிரிட்டனில் 2021இல் முடியலங்காரத் தொழிலுக்கான தேசியத் தரநிலைகளைத் திருத்தி, ஆப்பிரிக்க வகை முடியையும் சுருட்டையையும் சேர்த்தார்கள். நியூயார்க் மாநிலம் 2023இல் எல்லா வகை முடிக்கும் பயிற்சி தரவேண்டும் என்று சட்டமே போட்டது. நீங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுருட்டை வைத்த பொம்மைத் தலை ஒன்று, காய்ந்த முடியில் வெட்டும் பாடம் ஒன்று, தேர்வில் கட்டாயமாக ஒரு சுருட்டைத் தலை. இதற்கு அனுமதி தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

பொம்மைக்கு ஏற்பாடு ஆகும்வரை என் தலையைத் தருகிறேன். எந்த வகுப்பு என்று சொல்லுங்கள், சிக்கெடுத்து, காயவைத்து, சுருள் கலையாமல் வந்து உட்காருகிறேன். மாணவர்கள் தொட்டுப் பார்க்கட்டும், இழுத்துவிட்டு அது திரும்பிச் சுருண்டுகொள்வதைப் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். பல் கத்தரி மட்டும் அன்று பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மூன்றாவது நாற்காலியில் உட்காரும் சுருட்டை முடிக்காரி