நாலாவது மலையில் நான் வாய் திறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி வந்தால் உங்கள் கோவைப் பதிப்பில், ஏழு மலை ஏறிச் சிவனைக் கும்பிடும் வெள்ளிங்கிரியின் செய்திகள் வரத் தொடங்கிவிடும். பாதை திறந்தாயிற்று என்று ஒரு நாள், மேகத்துக்கு மேலே சூரியன் எழும் படம் இன்னொரு நாள். நடுவில் எங்கோ ஒரு மூலையில் நாலு வரி: மலையேறிய பக்தர் மூச்சுத் திணறி மரணம். 2024-இல் அந்த நாலு வரி அடுத்தடுத்து வந்தது உங்களுக்கே நினைவிருக்கும். அப்படி ஒரு செய்தியில் வந்திருக்க வேண்டியவர் என் மாப்பிள்ளை, அதாவது தங்கை வீட்டுக்காரர். பிழைத்துக்கொண்டார், அதனால் செய்தி ஆகவில்லை. நான் எழுதுகிறேன்.

எனக்கு 61 வயது. கணபதியில் 34 வருடம் லேத்தில் நின்றவன். மலைக்கு 22 தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பூண்டி அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். ஒன்றிரண்டில் என் மனைவி இப்போது துணி காயப்போடுகிறாள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இத்தனை தடவை போனவனே தவறு செய்தேன் என்பதற்குச் சொல்கிறேன்.

போன வருடம் சித்திரையில் ஏழு பேர் கிளம்பினோம். மாப்பிள்ளை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், வயது 46. ஷிப்மெண்ட் நேரம். இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வேலையை முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறி காந்திபுரம் வந்தார். அங்கே நாலு பரோட்டா, அங்கிருந்து பூண்டி பஸ். பத்து மணிக்கு அடிவாரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். எல்லாரும் அப்படித்தான் போகிறோம். பகல் வெயிலில் ஏற முடியாது, விடியும்போது உச்சியில் இருக்க வேண்டும். அதனால் தூக்கம் போகும் ராத்திரியில்தான் உடம்பைப் பிழிகிறோம்.

பலர் நினைப்பதுபோல உயரத்தில் ஒன்றும் பயமில்லை. உச்சி 1,800 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. ஊட்டி அதைவிட உயரம். அங்கே இறங்கியதும் மிளகாய் பஜ்ஜிதான் தேடுகிறோம், யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை. சங்கதி வேறு. ஊட்டிக்கு பஸ் ஏறுகிறது, இங்கே கால் ஏறுகிறது. சுமார் 6 கிலோமீட்டர் நடைக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உடம்பைத் தூக்க வேண்டும். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 300 மாடிக்கு மேல். சென்னை எல்.ஐ.சி. கட்டடம் 14 மாடி. அதைப் படிக்கட்டில் 20 தடவைக்கு மேல் ஏறுவதற்குச் சமம், அதுவும் ஒரே ராத்திரியில். முதல் மலையின் கல்படிகள் ஒரு அளவில் இருக்காது. ஒன்று சாண் உயரம் என்றால் அடுத்தது முழங்கால் உயரம். முதல் தடவை வருகிறவர்கள் வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள் நாலைந்து முறை "இன்னும் எத்தனை மலைங்க?" என்று கேட்டுவிடுவார்கள். ஆறு இருக்கிறது என்று சொன்னால் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை முதல் மலையை நன்றாகவே ஏறினார். பாம்பாட்டி சுனையில் முகம் கழுவினார். கைதட்டிச் சுனையில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். ஒட்டர் சமாதி இருக்கும் நாலாவது மலையில் பாதை கொஞ்சம் சாய்வாகத்தான் போகும், மூச்சு விட்டு நடக்கலாம். அங்கேதான் பின்தங்கினார். அதுவரை என் பின்னால் டொக் டொக் என்று வந்துகொண்டிருந்த தடிச் சத்தம் நின்றது. திரும்பி டார்ச் அடித்தேன். ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். இடது தாடையைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டால் சட்டை முழுக்க ஈரம், உடம்பு சில்லென்று இருந்தது. காற்று அடித்தால் வேர்வை குளிரும்தான். ஆனால் இது ஐஸ் பெட்டியைத் தொட்டதுபோல இருந்தது.

"என்னங்க மாப்ள?"

"ஒண்ணுமில்லைங்க மச்சான், வாய்வு. பரோட்டா சேரல."

கடையில் சோடா வாங்கிக் கொடுத்தேன். ஒரு ஏப்பம் விட்டார். சரியாகிவிட்டது என்றார். மணி அப்போது இரண்டு இருக்கும். எனக்கு மனசுக்குள் உறுத்தியது. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். கேட்டேன் என்று சொல்வதுகூடப் பொய். வாய்க்குள் முனகினேன். அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "பாதியில திரும்பினா ஊர்ல என்ன சொல்லுவாங்க? சாமி குத்தமுங்க." என் தங்கை மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று வேண்டுதல் வேறு. கூட வந்த பையன்கள் அரோகரா போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். நானும் கிளம்பினேன்.

ஐந்தாவது, ஆறாவது மலையில் மரம் இல்லை, மறைப்பு இல்லை. காற்றுதான். ஆண்டி சுனைத் தண்ணீரில் குளிக்காதீர்கள் என்று அவரை நிறுத்தியது மட்டும்தான் அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம். ஏழாவது மலையில் 20 அடிக்கு ஒருமுறை நின்றார். பெரிய பாறைகளுக்கு நடுவே சுயம்பு லிங்கத்தைக் கும்பிட்டுத் திருநீறு வாங்கினோம். வெளியே வந்தபோது கிழக்கே வெளுத்துவிட்டது. கீழே பஞ்சுபோல மேகம், அதன் நடுவே தீவுகளாகச் சின்னச் சின்ன முகடுகள், அப்புறம் செம்மஞ்சளாக ஒரு கீற்று. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பாறையில் சாய்ந்து, தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரம் வந்தும் அவர் சூரியனைப் பார்க்கவில்லை.

இறங்கும்போது மூன்றாவது மலையில் உட்கார்ந்தவர் எழவில்லை. டோலி வந்தது. செங்குத்துப் படிகளில் ஒரு ஆளைச் சுமந்துகொண்டு இறங்குவது எப்படி என்று பக்கத்தில் நடந்து பார்த்தால்தான் தெரியும். முன்னால் பிடிப்பவர் தோளை உயர்த்த வேண்டும், பின்னால் பிடிப்பவர் குனிய வேண்டும். எதிரே ஏறுகிறவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். உயிரோடிருக்கிறவரைக் கும்பிடாதீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. 108 வண்டி அடிவாரம் வரைதான் வரும். மலைமேல் வண்டிக்குப் பாதையும் இல்லை, போடவும் கூடாது, அது காடு. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது மணி பதினொன்று.

டாக்டர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது? இரண்டு என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை போதும். இதயத்தின் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நேரம் ஆக ஆகத் தசை செத்துக்கொண்டே போகும் என்று பிறகு விளக்கினார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். ஆள் பிழைத்தார். ஆனால் இன்றைக்கு முதல் மாடிக்குப் போவதற்குள் நடுவில் ஒரு தடவை கைப்பிடியைப் பிடித்து நிற்கிறார். நின்றுகொண்டு கட்டிங் மேசையில் வேலை செய்ய முடியவில்லை. கணக்கு எழுதுகிறார்.

யாரையும் குற்றம் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வருடா வருடம் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் தனக்கு அது இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தானே அந்த எச்சரிக்கை? மாப்பிள்ளை அதுவரை பிரஷர் பார்த்ததே இல்லை. அடிவாரத்தில் பையைச் சோதித்து பிளாஸ்டிக்கைத் தனியே எடுக்கிறார்கள், நல்ல காரியம். அதே வரிசையில் 40 தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்க ஒரு மேசை போட்டால் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். கூட்டம் அதிகமான நாளில் வரிசை நீளும்தான். நீளட்டும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வெள்ளை விநாயகர் கோயிலருகே தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வேண்டும். பத்து நிமிடம் உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லையா, நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ வலியா, வாய்வு என்று நினைக்காதீர்கள், உதவி கேளுங்கள், மேலே ஏறாதீர்கள் என்று. கூடவே ஒரு வரி: அடிவாரத்தில் இருப்பவரும் அதே ஆண்டவர்தான். பூண்டியில் கோயில் இருப்பதே ஏற முடியாதவர்களுக்கும் சேர்த்துத்தானே? என் அம்மா கடைசிவரை அங்கேயே கும்பிட்டுவிட்டு வந்தவர். அவருக்கு ஒரு குறையும் வந்ததில்லை. சாமி குத்தம் என்ற பயத்தைக் கோயில் வாசலிலிருந்தே யாராவது மைக்கில் தீர்த்துவைத்தால், என்னைப் போல முனகுகிறவர்களுக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

பையன்கள் போன வாரம் வந்து, இந்த வருடம் எப்போது போகலாம் என்று கேட்டார்கள். மகா சிவராத்திரி முடிந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முந்தின நாள் நன்றாகத் தூங்கிவிட்டு ஏறுவேன். ஒட்டர் சமாதி வரை போய், அந்தப் பாறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். உடம்பு நன்றாக இருந்தாலும் அன்றைக்கு அதற்கு மேல் போவதாக இல்லை. பையன்களில் யாருக்காவது திரும்பத் தோன்றினால் இறங்கத் துணைக்கு ஒரு ஆள் இருக்குமே.

என் பெயரைப் போட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டில் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்,
கணபதி, கோவை